65 வெற்றி, முதல் சுற்றிலேயே மூட்டை முடிச்சு: 2022-23 பாஸ்டன் புரூயின்ஸை எப்படி நினைவில் வைப்பது?

பக்கிரி_பாஸ்டன்
போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் புதுசாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "65 வெற்றியா? அப்ப அந்த வருஷம் கப் நமக்குத்தானே?" என்று கேட்டான். மேஜையில் இருந்த உள்ளூர்க்காரர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தார்கள். துக்க வீட்டில் போய் "தாத்தா சௌக்கியமா" என்று விசாரித்த மாதிரி ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்காக: 2022-23-இல் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி புரூயின்ஸ் 82 ஆட்டத்தில் 65 ஜெயித்தது. 135 புள்ளி. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் வரலாற்றில் இரண்டுமே சாதனை. அதற்கு முன்னால் 62 வெற்றி என்று இரண்டு அணிகள் உட்கார்ந்திருந்தன: 1995-96 டெட்ராய்ட், 2018-19 டாம்பா பே. புள்ளியில் 1976-77 மான்ட்ரியாலின் 132. அத்தனையையும் தாண்டிப் போய், ஸ்டான்லி கப்புக்கான பிளேஆஃபின் முதல் சுற்றில் 92 புள்ளி எடுத்துக் கடைசி ஆளாக உள்ளே நுழைந்த ஃப்ளோரிடா பாந்தர்ஸிடம் தோற்றது. அதுவும் ஏழு ஆட்டத் தொடரில் 3-1 முன்னிலையில் இருந்து.

என்னைக் கேட்டால், அந்த சீசனில் நினைவில் நிற்க வேண்டிய நாள் 63-வது வெற்றி வந்த ஏப்ரல் 9 இல்லை. ஏழாவது ஆட்டம் தோற்ற ஏப்ரல் 30-ம் இல்லை. நவம்பர் 5. அணி நிர்வாகம் மிட்செல் மில்லரை ஒப்பந்தம் செய்த மறுநாள். கேப்டன் பெர்ஜரோன் மைக் முன்னால் நின்று, தனக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் செய்தது தாங்கள் கட்டி வைத்திருக்கும் பண்பாட்டுக்கு எதிரானது என்று நிதானமாகச் சொன்ன நாள். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஸ்காபரோ_ரூபன்
அண்ணை, நான் ரொறன்ரோ லீஃப்ஸ் ரசிகன். எனக்கு ஏப்ரல் 30 தான். மற்ற நாளெல்லாம் நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ.

மதுரை_கணேஷ்
நான் ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தே ஆறு மாதம்தான் ஆகிறது, கோவிக்காதீங்க. இரண்டு சந்தேகம். 65 ஜெயித்தால் 130 புள்ளிதானே, 135 எப்படி? மில்லர் என்பவர் யார்?

எண்கணக்கன்
முதல் கேள்வி என்னுடையது. வெற்றிக்கு 2. ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் ஆறுதல் பரிசாக 1. அவர்கள் கணக்கு 65-12-5. அந்தக் கடைசி ஐந்துதான் மிச்சப் புள்ளி. 300 கோலுக்கு மேல் போட்டு, 180-க்கும் குறைவாக வாங்கியிருக்கிறார்கள். சொந்த மைதானத்தில் முதல் 14 ஆட்டமும் வெற்றி, அதுவும் சாதனை. 61-வது ஆட்டத்திலேயே 100 புள்ளி.

இரண்டாவது கேள்விக்கு வேறு யாராவது வாங்க. எனக்கு அதில் பக்கிரி சாரோடு தகராறு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பனிமலர்
நான் சொல்லுறன். மில்லர் ஒரு டிஃபன்ஸ்மன், அதாவது தடுப்பாட்டக்காரன், ஒஹாயோக்காரன். 2016-இல, அவனுக்கு 14 வயசா இருக்கேக்க, தன்னோட படிச்ச ஒரு கறுப்பினப் பெடியனை இன்னொருத்தனோட சேர்ந்து வதைச்சவன். அந்தப் பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. சிறுநீர்த் தொட்டியில துடைச்ச மிட்டாயை வாயில வைக்க வைச்சவங்கள். வருசக்கணக்கா இனத்தைச் சொல்லித் திட்டினதும் இருக்கு. சிறார் நீதிமன்றத்தில தண்டிக்கப்பட்டவன்.

2020-இல இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யிற டிராஃப்டில அரிசோனா கொயோட்டீஸ் நாலாம் சுற்றில எடுத்தது. பேப்பரில விசயம் முழுசா வந்த உடன கைவிட்டது. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகமும் அணியில இருந்து நீக்கினது. பிறகு யூஎஸ்ஹெச்எல் எண்ட இளையோர் லீக்கில ஒரு டிஃபன்ஸ்மன் போடாத அளவு கோல் போட்டான். 2022 நவம்பர் 4 பொஸ்டன் கையெழுத்து வாங்கினது. 5-ஆம் திகதி லீக் தலைவர் பெட்மன் பின்லாந்தில நிண்டுகொண்டு, எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை, இப்போதைக்கு அவனுக்கு என்ஹெச்எல்லில இடமில்லை எண்டார். 6-ஆம் திகதி இரவு பொஸ்டன் கைகழுவினது. மூண்டு நாள் கல்யாணம்.

ஸ்காபரோ_ரூபன்
பகிடியை விட்டுட்டுச் சொல்லுறன். அந்த 5-ஆம் திகதி பொஸ்டன் ரொறன்ரோவிலதான் நிண்டது. இரவு எங்களோட மட்ச், நாங்கள் 2-1 வெண்டனாங்கள், ரெண்டு கோலும் மத்யூஸ். மருமகனோட போனனான். வழமையா பொஸ்டன்காரர் வந்தா எங்கட சனம் கத்துற கத்து வேற மாதிரி. அண்டைக்கு எனக்குப் பின்னால இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பெர்ஜரோன் இறங்கேக்க கை தட்டினார். பக்கத்தில இருந்தவர் முறைச்சுப் பாத்தார். கிழவர் விடேல்லை.

மருமகனுக்கு அப்ப 13 வயசு. "மாமா, அவன் ஆர்?" எண்டு கேட்டான். மற்ற அணிக் கப்டன் எண்டன். வேறென்னத்தைச் சொல்லுறது.

எண்கணக்கன்
வந்துவிட்டேன். பெர்ஜரோன் நல்ல மனிதர், மறுப்பே இல்லை. ஆனால் "நவம்பர் 5 தான் சீசன்" என்பது கவிதை. ஆட்டத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அந்த வாரத்துக்குப் பிறகும் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தார்கள். தோற்றதற்குக் காரணம் பனிக்கு மேலேயே இருக்கிறது.

வலையைக் காக்கிற கோலி உல்மார்க் அந்த வருஷம் 40-6-1. சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை அவருக்குத்தான். இன்னொரு கோலி ஸ்வேமன் 24-6-4. மிச்சம் ஒரே ஒரு வெற்றி கீத் கின்கேட் என்ற மூன்றாவது கோலி பெயரில் இருக்கிறது, வினாடி வினாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீசன் முழுக்க இரண்டு பேரையும் மாற்றி மாற்றி இறக்கி, ஜெயித்த பிறகு கட்டிப்பிடிக்கிறதைப் படம் எடுத்து ஊரே கொண்டாடியது. பிளேஆஃபில் அந்த வழக்கத்தை விட்டார்கள். முதல் ஆறு ஆட்டமும் உல்மார்க்கே தொடங்கினார். உடம்பு முடியாமல் ஆடுகிறார் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

ஐந்தாவது ஆட்டம், ஓவர்டைம். உல்மார்க் வலைக்குப் பின்னால் போய் பக்கை, அதாவது ஆடுகிற ரப்பர் வட்டை, தட்டிவிடப் பார்த்து எதிரி கையில் கொடுத்தார், ஃப்ளோரிடாவின் கச்சக் உள்ளே போட்டார். ஆறாவது ஆட்டம் 7-5. ஏழாவதுக்கு, தொடரில் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தொடங்காத ஸ்வேமனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது 3-2 முன்னிலை. மான்டூர் சமன் செய்தார். ஓவர்டைமில் வர்ஹேகி முடித்துவைத்தார். கதை அவ்வளவுதான். இதில் மில்லர் எங்கே வருகிறார்?

பனிமலர்
அஞ்சாவது மட்சில ஒண்டை விட்டுட்டியள். வழமையான நேரம் முடிய ஒரு சில செக்கன் இருக்கேக்க மார்ஷாண்ட் தனிய ஓடிப் போனவர். முன்னால கோலி மட்டும். போட்டிருந்தா தொடர் அதிலேயே முடிஞ்சிருக்கும். போப்ரோவ்ஸ்கி தடுத்தவர். நான் மொன்றியல்காரி, பொஸ்டனுக்கு நான் அழக்கூடாது. ஆனா எழும்பி நிண்டுட்டன்.

மதுரை_கணேஷ்
பெர்ஜரோன் அப்போது ஆடினாரா?

எண்கணக்கன்
முதல் நாலு ஆட்டம் இல்லை. சீசனின் கடைசி ஆட்டம் மான்ட்ரியாலில். எல்லா சாதனையும் ஏற்கெனவே உடைந்தாயிற்று, ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒன்றும் மாறாது. அதில் அடிபட்டார். பிற்பாடு முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியிருந்தது என்று தெரிந்தது. இதையும் பக்கிரி சார் கவித்துவமாக விளக்குவார் பாருங்கள்.

பக்கிரி_பாஸ்டன்
விளக்கத்தான் போகிறேன்! எண்கணக்கன் சொன்ன கோலி கதை முழுக்க உண்மை. ஒரு தொடர் ஏன் தோற்றது என்பதற்கு அது போதும். நான் கேட்பது அந்த வருஷம் முழுக்க அந்த அணியைத் துரத்தியது எது என்று. என் பதில்: அவசரம்.

2022 கோடையை நினைத்துப் பாருங்கள். பெர்ஜரோனுக்கு 37 ஆகப்போகிறது, ஓய்வு பெறுவாரா என்று ஊரே காத்திருந்தது. கிரெய்ச்சி செக் நாட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆடிவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டு பேரும் ஒரு வருஷ ஒப்பந்தம், அடிமாட்டு விலை: ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 25 லட்சம் டாலர், மற்றவருக்கு 10 லட்சம். மீதி போனஸாக, அதன் சுமை அடுத்த வருஷச் சம்பள உச்சவரம்பின் தலையில். மார்ஷாண்டுக்கு இரண்டு இடுப்பிலும் அறுவை சிகிச்சை, மெக்அவாய்க்குத் தோளில். இவர்கள் இல்லாமல் தொடங்குகிற அணி பிளேஆஃபுக்கே தட்டுத்தடுமாறும் என்றுதான் பாதிப் பேர் கணித்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்பதுதான் அந்த வருஷத்தின் மந்திரம். அந்த வெறிதான் 65 வெற்றியைக் கொடுத்தது, சந்தேகமில்லை. அதே வெறிதான் பிப்ரவரி, மார்ச்சில் ஆர்லோவ், ஹாத்தவே, பெர்ட்டூஸி மூன்று பேருக்காக 2023, 2024 இரண்டு வருஷத்து முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளையும் விற்க வைத்தது. அர்த்தமில்லாத கடைசி ஆட்டத்தில் கேப்டனை இறக்கியதிலும், வெசினா கோலி தள்ளாடியபோதும் அவரையே பிடித்துத் தொங்கியதிலும் அதே நிறுத்தத் தெரியாத குணம்தான் எனக்குத் தெரிகிறது. மில்லரும் அந்த வரிசையில்தான் வருகிறார்.

எண்கணக்கன்
இங்கேதான் உங்கள் கணக்கு உதைக்கிறது, சார். மில்லர் அந்த வருஷ அணிக்கானவரே இல்லை. பிராவிடென்ஸில் இருக்கிற கீழ்நிலை அணிக்கு அனுப்பி இரண்டு மூன்று வருஷம் வளர்க்க வேண்டிய பையன். "இன்னும் ஒரே ஒரு தடவை"க்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

பக்கிரி_பாஸ்டன்
சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. வருஷா வருஷம் முதல் சுற்றுத் தேர்வை விற்றுத் தின்ற வீட்டில் இளம் ஆட்கள் ஏது? அடுப்பில் சோறு பொங்குகிறது, குதிரில் நெல் இல்லை. அப்போது கடைத்தெருவில் ஒரு மூட்டை இனாமாகக் கிடக்கிறது. தேர்வு எதையும் கொடுக்க வேண்டாம், கையெழுத்து வாங்கினால் போதும். ஏன் இத்தனை நாள் யாரும் தொடவில்லை என்று கேட்க வேண்டிய நேரத்தில், இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்த்தார்கள்.

நவம்பர் 7 பத்திரிகையாளர் சந்திப்பை நேரலையில் பார்த்தேன். அணித் தலைவர் கேம் நீலி, இந்த ஊரில் அவருடைய 8-ஆம் எண்ணையே இனி யாரும் போட முடியாது, மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் ஏன் பேசவில்லை என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. ஒரு போன். தெருவில் வீடு வாடகைக்கு விடுகிறவன்கூட முந்தைய வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை கேட்கிறான். மேலாளர் டான் ஸ்வீனி, நீலி இரண்டு பேரும் அதே நாற்காலியில் இருந்துகொண்டே சாதனை கொண்டாடினார்கள். வெளி ஆட்களை வைத்து ஆய்வு நடந்தது, முன்னாள் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் லொரெட்டா லின்ச் தலைமையில். யாரும் தெரிந்தே தப்புச் செய்யவில்லை, ஆளைச் சரிபார்க்க எழுத்தில் நடைமுறை வேண்டும் என்று முடித்தார்கள். சரி.

நாதன்_வாத்தியார்
இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டிருந்தனான். ரொறன்ரோவில பள்ளிக்கூடத்தில 22 வருசம் வேலை செய்தவன் எண்ட முறையில ஒரு சங்கடமான கேள்வி கேக்கிறன், அடிக்க வராதேங்கோ.

14 வயசு. அந்த வயசில ஒரு பிள்ளை செய்ததை 20 வயசிலயும் 40 வயசிலயும் அவன்ர கழுத்தில கட்டித் தூக்குறது சரியா? நான் பாத்த மோசமான பெடியங்கள் சிலபேர் இண்டைக்கு நல்ல தகப்பன்மார். அந்தக் கதவை அடைச்சா நாங்கள் வகுப்பில என்னத்துக்கு நிக்கிறம்?

பனிமலர்
நல்ல கேள்வி, சேர். பதில் அந்த அணிக்குள்ளேயே இருந்தது. கோச் மொன்ட்கொமரி.

அவரை 2019 டிசம்பரில டாலஸ் அணி, தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை எண்டு சொல்லி சீசன் நடுவில நீக்கினது. 2020 ஜனவரியில, எனக்குக் குடிப் பிரச்சினை, சிகிச்சைக்குப் போறன் எண்டு அவரே அறிக்கை விட்டவர். பிறகு சென் லூயிஸில ரெண்டு வருசம் துணைக் கோச். முதலாவது கதிரையில இருந்து இறங்கி ரெண்டாவது கதிரையில இருந்தவர். அதுக்குப் பிறகுதான் பொஸ்டன். அந்த வருசமே லீக்கின்ர சிறந்த கோச் விருது. ஒரே அணி, ஒரே வருசம், ரெண்டு "ரெண்டாவது வாய்ப்பு". ஒண்டு பலிச்சது, மற்றது நாறினது.

வித்தியாசம் என்ன? மொன்ட்கொமரி முதல்ல தன்ர வாயால சொன்னவர், பிறகு காத்திருந்தவர், பிறகுதான் வேலை வந்தது. மில்லர் அந்தப் பெடியனுக்கு இன்ஸ்டாகிராமில செய்தி அனுப்பினது கையெழுத்துக்குக் கொஞ்சம் முன்னம். கதவை அடைக்கச் சொல்லேல்லை. உள்ள வாறவன் முதல்ல ஆரிட்டப் போய் நிக்கோணும் எண்டதுதான் கேள்வி. அது ஸ்வீனியின்ர அறைக்கு இல்லை.

நாதன்_வாத்தியார்
ஓம். ஆனா ஒண்டு, பிள்ளை. மொன்ட்கொமரி கெடுத்தது பெரும்பாலும் தன்ர வாழ்க்கையை. இது இன்னொரு பிள்ளையின்ர வாழ்க்கை. ரெண்டையும் ஒரே தராசில வைக்கிறதும் சரியாப் படேல்லை. நான் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. இருக்கட்டும்.

வேற ஒரு விசயம். இதெல்லாம் நடந்தது எந்த அணியில எண்டு யோசியுங்கோ. 1958 ஜனவரி 18, மொன்றியல் ஃபோரம். என்ஹெச்எல்லில ஆடின முதலாவது கறுப்பினத்தவர் வில்லி ஓ'ரீ. அவர் போட்டிருந்தது புரூயின்ஸ் சட்டை. ஒரு கண்ணில பார்வை இல்லாமல், அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் ஆடின மனுசன். அவற்ற 22-ஆம் இலக்கத்தை இனி ஒருத்தரும் போடக்கூடாது எண்டு கூரையில ஏத்தினது 2022 ஜனவரி 18. மில்லருக்குக் கையெழுத்து அதே வருசம் நவம்பர். கூரையைப் பாத்திருந்தாலே போதும்.

ஸ்காபரோ_ரூபன்
அட. அதே வருசமா?

எண்கணக்கன்
அதே வருஷம்தான். இந்த ஒரு புள்ளியை நான் கொடுத்துவிடுகிறேன். ஓவர்டைம் தோல்வி, 1 புள்ளி.

ஆனாலும் சாதனையைக் கீழே போட விடமாட்டேன். பாஸ்டர்நாக் 61 கோல். பிப்ரவரியில் வான்கூவரில் உல்மார்க் முழு நீளத்துக்கும் பக்கைத் தூக்கி அடித்துக் காலி வலைக்குள் போட்டார், கோலி போட்ட கோல்! ஜனவரி 2-ஆம் தேதி ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் திறந்தவெளி ஆட்டம், டிப்ரஸ்க் கால் எலும்பு முறிந்த நிலையில் ஆடி இரண்டு கோல் போட்டு ஜெயிக்க வைத்தார். அந்த ஏழு மாதம் பார்த்த யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

மதுரை_கணேஷ்
ரெகுலர் சீசனில் முதலிடம் வந்தால் கப் கிடைக்காது என்று ஒரு சாபம் இருக்கிறதாமே?

எண்கணக்கன்
பிரசிடென்ட்ஸ் டிராஃபி சாபம். சாபம் எல்லாம் இல்லை, ஆனால் அந்தக் கோப்பையையும் ஸ்டான்லி கப்பையும் சேர்த்து வாங்கிய கடைசி அணி 2013 சிகாகோ. 62 ஜெயித்த டாம்பா முதல் சுற்றில் கொலம்பஸிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் போனது. ஹாக்கியில் ஏழு ஆட்டம் என்பது ரொம்பக் குறைவு. சூடான கோலி ஒருவர், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பக் ஒன்று, தீர்ந்தது.

ஃப்ளோரிடா உள்ளே வந்ததே அதிர்ஷ்டம். ஏப்ரல் 11 பிட்ஸ்பர்க் தன் சொந்த மைதானத்தில், லீக்கில் அடிமட்டத்தில் கிடந்த சிகாகோவிடம் தோற்றது. அதில் கதவு திறந்தது.

பனிமலர்
வந்தவை லேசுப்பட்ட ஆக்களும் இல்லை. அதுக்கு முந்தின வருசம் பிரசிடென்ட்ஸ் டிராஃபி எடுத்ததே ஃப்ளோரிடாதான்.

ஸ்காபரோ_ரூபன்
அதே ஃப்ளோரிடா அடுத்த சுற்றில எங்களை 4-1 எண்டு தூக்கி எறிஞ்சது. 2004-க்குப் பிறகு முதல் தடவையா ஒரு சுற்று தாண்டிட்டம் எண்டு ரோட்டில நிண்டு கொண்டாடினனாங்கள். அடுத்த நாள் பொஸ்டன் போனதும் இரட்டைக் கொண்டாட்டம். இனி பாதை திறந்திட்டுது எண்டு நான் கேக்கும் வெட்டினனான். அந்தக் கேக்கைப் பற்றி மனுசி இண்டைக்கும் கேக்கிறா.

பக்கிரி_பாஸ்டன்
ரூபன், கேக் படம் இருந்தால் போடுங்கள், மனசுக்கு இதமாக இருக்கும்.

கேசிடி கதையை யாரும் எடுக்கவில்லை. 2021-22-இல் பாஸ்டனுக்கு 107 புள்ளி எடுத்துக் கொடுத்த கோச் புரூஸ் கேசிடி. கறாரானவர், ஆட்டக்காரர்களுக்கு ஒத்துவரவில்லை என்று நீக்கினார்கள். ஒரு வாரத்தில் வேகஸ் அவரை எடுத்துக்கொண்டது. 2023 ஜூனில் ஸ்டான்லி கப்பைத் தூக்கியது அவர்தான். இறுதியில் யாரை வென்று? ஃப்ளோரிடாவை. அன்று இரவு எங்கள் ஊர் ரேடியோவைக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் எல்லாம் உதிர்ந்தது. ஜூலையில் பெர்ஜரோன் ஓய்வு, ஆகஸ்டில் கிரெய்ச்சி. தேர்வுகளை விற்று வாங்கிய மூன்று பேரும் அதே கோடையில் வேறு அணிக்குப் போய்விட்டார்கள், அதில் பெர்ட்டூஸி ரூபனின் லீஃப்ஸுக்கே. 2024 ஜூனில் உல்மார்க் ஒட்டாவாவுக்கு. நவம்பரில் மான்ட்கோமரி வேலை போனது. இரண்டு வருஷத்தில் கேப்டனும் இல்லை, கோச்சும் இல்லை, வெசினா கோலியும் இல்லை. ஸ்வீனியும் நீலியும் இருந்தார்கள்.

மதுரை_கணேஷ்
கேப்டன் பதவி பிறகு மார்ஷாண்டுக்குத்தானே போனது? அவர் இப்போது ஃப்ளோரிடாவில் இல்லையா?

பக்கிரி_பாஸ்டன்
2025 மார்ச் 7. எங்கள் கேப்டனை ஃப்ளோரிடாவுக்கே அனுப்பினார்கள். ஜூனில் கப் வாங்கினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனியாக ஓடிப்போனவரைத் தடுத்த அதே போப்ரோவ்ஸ்கியோடு ஒரே சட்டையில் நின்று.

பனிமலர்
உங்களிட்ட அவற்ற சட்டை இருக்குது எண்டு முந்தி எழுதினதா ஞாபகம்.

பக்கிரி_பாஸ்டன்
இருக்கிறது. கறுப்பு மஞ்சள், 63-ஆம் எண். இறுதி ஆட்டம் அன்று அலமாரியில் இருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். சட்டையில் பாஸ்டன், திரையில் ஃப்ளோரிடா. முதுகைத் திருப்பிப் பெயரைக் காட்டினேன். புரியவில்லை, சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.